சூடேறாத சாயங்காலங்கள்

"பரமு, இது ட்ரையரா, பிரிட்ஜா?"

தனலெட்சுமி அக்கா போர்வையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே போகும்போது எப்படி இருந்ததோ, அப்படியே அது வெளியே வந்திருந்தது. பிழிந்தால் ஒரு குவளைத் தண்ணீர் தேறும் போலிருந்தது.

பரமேஸ்வரன் ட்ரையரின் வட்டக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். கேமரன் மலையில் ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. பக்கத்து ட்ரையரிலும் கையை விட்டார். அதற்கடுத்ததிலும் விட்டார். கடையில் இருந்த நாலு ட்ரையரும் ஒரே மாதிரி குளுகுளுவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"காலையில நல்லாதானேக்கா இருந்துச்சு?"

"காலையில நானும்தான் நல்லா இருந்தேன். இப்ப முட்டி வலிக்குது. நான் உட்கார்றேன், நீ இன்னொரு தடவை போட்டு விடு."

தனலெட்சுமி அக்கா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பரமேஸ்வரன் மலாயா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடியை ஆட்டினால் ஒரு ரயிலே நகரும் என்ற உலகத்தில் வாழ்ந்தவருக்கு, பொத்தானை அமுக்கியும் சூடாகாத இயந்திரத்தைப் புரிந்துகொள்ள முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்துக்கடையைப் பிடித்து, துவைக்கும் இயந்திரங்களும் கேஸில் ஓடும் ட்ரையர்களும் வாங்கிப்போட்டு, 'டோபி' என்று போர்டு மாட்டியபோது அவர் மனைவி அமுதவள்ளி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ரயிலை ஓட்டி முடிச்சாச்சு. இப்ப ஊரான் வீட்டு அழுக்கா?"

"வீட்டுல சும்மா உட்கார்ந்தா துருப் பிடிச்சிடும் வள்ளி."

"நான் இத்தனை வருஷமா உட்கார்ந்திருக்கேனே, துருவா பிடிச்சிருக்கு?"

ரயில்வே குவார்ட்டர்ஸை இடித்த பிறகு அவர்கள் குடியேறியது பதினேழாவது மாடி பிளாட். கதவைத் திறந்தால் எதிரே ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று இன்றுவரை இருவருக்கும் தெரியாது. மகள் கல்யாணமாகி செரம்பானுக்குப் போய்விட்டாள்.

கடை திறந்து கொஞ்ச நாள் அமுதவள்ளி அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம் பலகாரம் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, கணக்கில்லாத குறைகள் சொல்லிவிட்டு, போகாமல் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். திட்டுவதற்கு வீட்டைவிடக் கடையில் இடம் அதிகம் என்று பரமேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

இப்போதும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"பாருங்க, வந்தவங்களை ஈரத் துணியோட உட்கார வெச்சிருக்கீங்க. மெக்கானிக்குக்குப் போன் போடுங்க."

மெக்கானிக் யுகேந்திரன் பண்டமாரானில் இருந்தான். போனை எடுத்ததும் வைத்தியர் மாதிரி இரண்டு கேள்வி கேட்டான்.

"அங்கிள், பின்னாடி கேஸ் வால்வு திறந்திருக்கா? பில்டர்ல பஞ்சு அடைச்சிருக்கா?"

கேஸ் சிலிண்டர்கள் கடைக்குப் பின்னால், சந்துக்குள் இரும்புக் கூண்டில் இருந்தன. அங்கே பூனை அளவு எலிகள் குடியிருந்தன. ஓடும் ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர் எலி என்றால் நாற்காலிமேல் ஏறிவிடுவார்.

"வள்ளி, கொஞ்சம் பின்னாடி பாத்துட்டு வாயேன்."

அமுதவள்ளி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. நீங்க பஞ்சைப் பாருங்க."

பரமேஸ்வரன் பஞ்சைப் பார்த்தார். நாலு பில்டரையும் வெளியே இழுத்து, தட்டி, ஊதி, கழுவிக் காயவைத்தார். பெருமையோடு இயந்திரங்களை மறுபடி ஓடவிட்டார். காயவைத்த பில்டர்களைத் திரும்ப மாட்டவில்லை என்பது, ராதாகிருஷ்ணன் தன் துணியை எடுத்தபோதுதான் தெரிந்தது.

"டேய் பரமு, உள்ள நாலு வெள்ளைச் சட்டை போட்டேன்டா. நாலு செம்மறி ஆடு வந்திருக்கு."

ராதாகிருஷ்ணன் பரமேஸ்வரனோடு ஒரே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருந்தார். வாரத்தில் மூன்று நாள், ஈரத் துணியைப் பையில் கட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலேறி இந்தக் கடைக்கு வருவார். 'கிள்ளான்லேர்ந்து நம்ம கடையைத் தேடி ஆள் வருது' என்று பரமேஸ்வரன் எல்லாரிடமும் சொல்லிப் பூரிப்பார்.

பஞ்சு அப்பிய சட்டையைப் பார்த்துத் தனலெட்சுமி அக்கா சிரிக்க ஆரம்பித்தார்.

"நம்ம குவார்ட்டர்ஸ்ல துணி இப்படித்தானே இருக்கும்! என்ன, இஞ்சின் புகையில அது கருப்பு ஆடா இருக்கும்."

"ரயில் சத்தம் கேட்டா போதும்," என்றார் ராதாகிருஷ்ணன். "எங்கம்மா அடுப்பை விட்டுட்டுக் கொடிக்கு ஓடும். சோறு தீயுதா, துணி கரியாகுதான்னு தினம் ஒரு போட்டி."

"காத்து வேற! இந்த அண்ணனோட அம்மா பாவாடை ஒண்ணு பறந்து போய் ரயில் பெட்டியில மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்காக்கா?" என்றாள் அமுதவள்ளி. "ரவாங் வரைக்கும் போயிடுச்சு. அங்க உள்ள ஸ்டேஷன் மாஸ்டர் பேப்பர்ல சுத்தி மறுநாள் திருப்பி அனுப்பினாரு!"

"மெயில்லதானே மாட்டுச்சு?" என்றார் தனலெட்சுமி அக்கா.

ட்ரையருக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்த பரமேஸ்வரன் உள்ளிருந்தே கத்தினார். "மெயில் இல்ல, கூட்ஸ்! மெயில் ரவாங்ல நிக்காது!"

எல்லாரும் சிரித்தார்கள். பரமேஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து யுகேந்திரனே நேரில் வந்தான். சாயங்கால நேரம். கடை நிறைய ஆள். அவன் கருவிப்பெட்டியைத் திறந்ததும் அமுதவள்ளி எழுந்தாள்.

"பாவம், பிள்ளை பண்டமாரான்லேர்ந்து ரோட்டு ஜேம்ல வந்திருக்கு. இருப்பா, ஜெய்னுதீன் பாய்கிட்ட ஒரு தே தாரிக் வாங்கிட்டு வரேன்."

ஜெய்னுதீன் பின்சந்தில் தேநீர்க் கடை வைத்திருந்தார். அமுதவள்ளி தேநீரோடு திரும்பி வந்தபோது யுகேந்திரன் ட்ரையருக்குள் கையை விட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"அங்கிள், இதுவா சூடாகலங்கிறீங்க? கோழியைப் போட்டா வறுத்துக் கொடுக்கும்!"

பரமேஸ்வரன் கையை விட்டார். சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"இல்லப்பா, நிஜமா இவ்வளவு நேரமா சில்லுன்னு..."

"டாக்டரைப் பாத்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடுமே, அந்த மாதிரி போல," என்றாள் அமுதவள்ளி.

யுகேந்திரன் தேநீரைக் குடித்துவிட்டு, மரியாதைக்கு இரண்டு திருகாணியை முடுக்கிவிட்டுப் போனான். அடுத்த நாள் காலை ட்ரையர்கள் நன்றாகச் சூடேறின. சாயங்காலம் ஆனதும் மறுபடி கேமரன் மலை.

பரமேஸ்வரன் யோசித்தார். யுகேந்திரன் வேலை செய்தபோது சூட்டைக் கூட்டும் குமிழ் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார். முன்பலகையைக் கழற்றி, நாலு குமிழையும் கடைசி வரைக்கும் திருகினார். கொஞ்சம் தேவலை. துணி ஈரத்திலிருந்து ஈரப்பதத்துக்கு வந்தது. நிம்மதியாகக் கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவன் குரு. பக்கத்து அடுக்குமாடியில் குடியிருந்து பங்சாரில் வேலை பார்ப்பவன். காதில் எதையோ செருகிக்கொண்டு, யாரோடும் பேசாமல் துணியைப் போட்டு எடுத்துப் போகிறவன். அன்றைக்குக் காதில் செருகியதைக் கழற்றிவிட்டான்.

"அங்கிள்! என்ன அங்கிள் இது?"

அவன் கையில் ஒரு நீலச் சட்டை இருந்தது. முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

"இது உன் சட்டையா தம்பி?"

"நேத்து வரைக்கும் என் சட்டை அங்கிள்!"

அன்று மத்தியானம் இணையத்தில் கடையைப் பற்றி ஒரு விமர்சனம் வந்தது. 'சட்டையைக் கொடுத்தேன், கைக்குட்டை கிடைத்தது. ஒரு நட்சத்திரம்.' பரமேஸ்வரன் வெறுப்போடு நாலு குமிழையும் பழைய இடத்துக்கே திருப்பினார்.

காலையில் கொதிக்கிறது, மாலையில் குளிர்கிறது. இது இயந்திரக் கோளாறாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. தனலெட்சுமி அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

"அக்கா, கண்ணு பட்டிருக்குமோ?"

தனலெட்சுமி அக்கா ஏனோ அமுதவள்ளியைப் பார்த்தார். பிறகு, "இருக்கலாம்பா. சாம்பிராணி போட்டுப் பாரேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பரமேஸ்வரன் சாம்பிராணி போட்டார். சும்மா போடவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, நாலு ட்ரையரையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காட்டினார். ட்ரையர் காற்றை இழுக்கும் இயந்திரம் என்பது புகை மொத்தமும் உள்ளே போய் மறைந்த பிறகுதான் உறைத்தது. ஒன்றில் குருவின் துணி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் குரு கோபமாக வரவில்லை. குழம்பிப்போய் வந்தான்.

"அங்கிள், மீட்டிங்ல எங்க மேனேஜர் சீதாலெட்சுமி மேடம் என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. ரெண்டு நிமிஷத்துல கண்ணை மூடிட்டாங்க. 'குரு, உன் பக்கத்துல வந்தா மனசுக்கு அமைதியா இருக்கு'ங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு அங்கிள்."

அவன் அந்த ஒரு நட்சத்திரத்தை எடுக்கவில்லை. ஆனால் அதன் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தான். 'துணி பக்தி மணத்தோடு வருகிறது.'

சாயங்காலம் ட்ரையர்கள் குளிர்ந்தன.

இப்படியே மாதங்கள் ஓடியும் கூட்டம் குறையவில்லை. அதுதான் பரமேஸ்வரனை மிகவும் வாட்டியது. துணி காயவில்லை என்றால் வேறு கடைக்குப் போக வேண்டியதுதானே? இவர்கள் போகவில்லை. பெஞ்சை நிறைத்து உட்கார்ந்தார்கள். பெஞ்சு போதாமல் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். காஜாங்கிலிருந்து ஒருத்தர், பூச்சோங்கிலிருந்து ஒரு தம்பதி என்று பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லார் கையிலும் ஈரத் துணி. தன்னைப் பழிவாங்கவே ஆள் திரட்டி வந்து உட்காருகிறார்களோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. குற்ற உணர்ச்சியில் எல்லாருக்கும் ஜெய்னுதீனிடம் தேநீர் சொன்னார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு கொறிக்க வடையும் வந்தது.

ஒருநாள் பேச்சு தனலெட்சுமி அக்காவின் படுக்கை விரிப்புக்குப் போயிற்று. குவார்ட்டர்ஸ் மைதானத்தில் படம் போடும்போது திரைக்கு அந்த விரிப்பைத்தான் கட்டுவார்களாம்.

"நடுவுல ஒரு ஒட்டு இருக்கும்," என்றார் ராதாகிருஷ்ணன். "எந்தக் கதாநாயகி வந்தாலும் மூக்குக்கிட்ட ஒரு சதுரம் தெரியும். நான் ரொம்ப நாள் அதை மூக்குத்தின்னு நினைச்சேன்."

"மத்தியானம் குழாயடியில குடத்தைத் தூக்கி அடிச்சுக்கிட்டவங்க, ராத்திரி ஒரே பாயில உட்கார்ந்து கண்ணைக் கசக்குவாங்க," என்றார் தனலெட்சுமி அக்கா. "அமுதா, நீ கல்யாணமாகி வந்த முதல் ராத்திரிய சொல்லு."

"சும்மா இருங்கக்கா."

"சொல்லு, சொல்லு!"

அமுதவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவர் டூட்டிக்குப் போயிட்டாரு. நான் பண்டமாரான் ஆளு, ரயிலைப் பக்கத்துல பாத்ததில்ல. நடுச்சாமத்துல கட்டில் ஆடுது, சுவர் ஆடுது, பானை எல்லாம் ஆடுது. பூமிதான் பொளக்குதுன்னு அலறிக்கிட்டு ஓடிப்போய் அடுத்த வீட்டுல தனம் அக்காவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அக்கா தூக்கத்துலேயே, 'அது மெயிலு, படு'ன்னாங்க. விடிய விடிய அங்கதான் படுத்திருந்தேன்."

அவள் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ட்ரையருக்குள்ளிருந்து தலையை எடுத்த பரமேஸ்வரன் டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பதினேழாவது மாடியில் அது ஒருநாளும் கேட்டதில்லை.

"இதை எனக்கு நீ சொன்னதே இல்லையே வள்ளி?"

"நீங்க எப்ப கேட்டீங்க? நீங்க ரயில்ல இருந்தீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். வாழ்நாள் முழுக்க ரயிலோடு போய்விட்டார். இப்போது மிச்ச நாளையும் நாலு இயந்திரத்துக்குள் தலையை விட்டே கழிக்கிறார். பலகாரம் சுமந்து, எலிச் சந்துக்குள் போய், வந்தவர்களுக்குத் தேநீர் ஏந்தி, அவள்தான் அலைகிறாள். போதும்.

பெரிய டோபி கம்பெனி ஒன்று கடையைக் கேட்டு முன்பே ஆள் அனுப்பியிருந்தது. திருச்செல்வம் என்ற அந்த ஆளை வரச் சொன்னார். திருச்செல்வம் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"இடம் நல்ல இடம் பாஸ். எங்க மெஷின் போட்டா அரைமணி நேரத்துல காய்ஞ்சிடும். காய்ஞ்சதும் கஸ்டமர் போனுக்கு மெசேஜ் போகும். வந்து எடுத்துக்கிட்டு போயிட்டே இருப்பாங்க." பெஞ்சைக் காலால் தட்டினார். "இது தேவையில்ல. எடுத்துட்டா இன்னும் ரெண்டு மெஷின் நிக்கும்."

அதைக் கேட்டபோது பரமேஸ்வரனுக்கு எங்கேயோ ஒரு சின்ன வலி எடுத்தது. என்ன என்று பிடிபடவில்லை. மறுநாள் பதில் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் ட்ரையர்கள் சில்லென்று சுற்ற, வழக்கம்போல் கூட்டம் நிறைந்திருந்தது. பரமேஸ்வரன் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். ரயில் புறப்படும் முன் பிளாட்பாரத்தைப் பார்ப்பதுபோல் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். இத்தனை மாசமா உங்க எல்லாரையும் ஈரத் துணியோட காக்க வெச்சிட்டேன். நீங்க பழகுன தோஷத்துக்காகப் பொறுத்துக்கிட்டீங்க. இனிமே அந்தக் கஷ்டம் வேண்டாம். நாளைக்கே கடையைக் கை மாத்திடப் போறேன். புது ஆளுங்க புது மெஷின் போடுறாங்க. அரைமணி நேரத்துல காய்ஞ்சிடும். யாரும் உட்காரவே வேண்டாம்."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். ராதாகிருஷ்ணன் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார். பூச்சோங் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனலெட்சுமி அக்கா மடித்து வைத்த போர்வையை மறுபடி பிரித்து மடிக்கத் தொடங்கினார்.

பரமேஸ்வரன் மனைவி பக்கம் திரும்பினார். அவளாவது சந்தோஷப்படுவாள்.

"இனிமே நீயும் அலைய வேண்டாம் வள்ளி. ரெண்டு பேரும் வீட்டுல நிம்மதியா உட்காரலாம்."

"யாரைக் கேட்டு?" என்றாள் அமுதவள்ளி. "யாரைக் கேட்டு விக்கிறீங்க?"

"நீதானே ஆரம்பத்துலேர்ந்து இந்தக் கடை வேண்டாம்னு..."

"ஆரம்பத்துல சொன்னேன். இப்ப சொன்னேனா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு இயந்திரம் சூடாகாதது புரியாததுபோலவே இதுவும் புரியவில்லை. "மெஷின் சூடாகலையே வள்ளி, நான் என்னதான் செய்யட்டும்?" என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜெய்னுதீன் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். கடைசிப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. தட்டை இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கடையை விக்கிறீங்களாண்ணே? அடடா. சரி, வாங்குறவங்ககிட்ட அந்த ஒரு வேலையையும் மறக்காம சொல்லிடுங்க. சாயங்காலம் ஆனா பின்னாடி வந்து கேஸ் வால்வை முக்கால்வாசி மூடணும், எல்லாரும் பேசி முடிச்சுக் கிளம்புனதும் திறந்து விடணும். இத்தனை மாசமா ஒருநாள் தவறாம அமுதா அக்காதானே அதைச் செஞ்சுக்கிட்டிருக்காங்க?"